கல்லீரலுக்கு இப்போது மணி என்ன?

மாலை ஷிப்ட் முடிந்து பினாங்கின் பாயான் லெப்பாஸிலிருந்து வீடு திரும்பும்போது, நள்ளிரவு தாண்டி மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில், உட்காருவது எனக்குப் பத்து வருடப் பழக்கம். நேற்றும் உட்கார்ந்தேன். கல்லில் வெந்த ரொட்டி சானாயை அண்ணன் இரண்டு கைகளாலும் அடித்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்துத் தட்டில் போட்டார். பக்கத்தில் நுரை தளும்பும் தே தாரிக் தேநீர்.

அந்த நேரம் பார்த்து ஜோசப் தகஹாஷியின் ஆய்வைப் படித்துத் தொலைத்தேன். அமெரிக்காவின் டல்லாஸில் இருக்கும் விஞ்ஞானி. உடல் கடிகாரத்தை ஓட்டும் 'கிளாக்' மரபணுவைச் சுண்டெலியில் கண்டறிந்தவர். 2022-இல் வந்த ஆய்வில் ஆண் சுண்டெலிகளின் உணவை 30 சதவீதம் குறைத்தார்கள். அதை நாள் முழுவதும் பரவலாகத் தின்றவை, இஷ்டம்போல் தின்ற எலிகளைவிட 10 சதவீதம் கூடுதலாக வாழ்ந்தன. இரவில் மட்டும் தின்றவையோ சுமார் 35 சதவீதம்! தீனி அதே அளவு, மாறியது நேரம்தான்.

இரவில் தின்றால் ஆயுள் கூடுமாம் என்று மகிழ்ந்து இரண்டாவது ரொட்டிக்கும் சொல்லிவிட்டேன். பிறகுதான் உறைத்தது: எலி விழித்துத் திரிவதே இரவில்தானே! மூளையின் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது. கல்லீரலின் கடிகாரமோ நாம் சாப்பிடும் நேரத்தைப் பார்க்கிறது. என் கல்லீரல், பாவம், எந்த நாட்டு நேரத்தில் இருக்கிறதோ.

இரண்டாவது ரொட்டியைப் பொட்டலம் கட்டச் சொன்னேன். காலையில் அது செருப்புத் தோல் போல இருந்தது. பருப்புக் குழம்பில் ஊறவைத்துத் தின்றுவிட்டேன்.