எலும்பு உள்ளே போன பிறகு

தோள்பட்டை இறங்கிவிட்டது என்று வருபவரை நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, டாக்டர் கையை இழுப்பார். நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது கேஷுவல்டியில் பார்த்தது இதுதான். அது கொடுமை மட்டுமல்ல, வைத்தியமாகவும் சரியில்லை. வலியில் தசை இறுகும். இறுகிய தசையோடு மல்லுக்கட்டினால் மூட்டு எளிதில் திரும்பாது.

இப்போது ரத்தக் குழாய் வழியாக மயக்க மருந்து கொடுத்துத்தான் இழுக்கிறோம். கெட்டமின் என்றால் கிலோவுக்கு 1 மில்லிகிராம், ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாக. வேகமாகத் தள்ளினால் மூச்சு நின்றுபோகலாம். கண் திறந்தபடியே இருக்கும், விழி ஆடும். இதை உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பதறிப்போவார்கள். புரோபோபால் என்ற இன்னொரு மயக்க மருந்து தசையை நன்றாகத் தளர்த்தும், சீக்கிரம் தெளியும். ஆனால் ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் இறக்கும். வயதானவர்களுக்கு அளவைக் குறைத்தே ஆக வேண்டும்.

"இப்பதான் சார் சாப்பிட்டாரு" என்பார்கள். கணுக்கால் விலகிப் பாதத்தில் நாடி கிடைக்காதபோது, வயிறு காலியாகட்டும் என்று நான் காத்திருப்பதில்லை. அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரியின் 2014 வழிகாட்டுதலும், சாப்பிட்ட நேரத்தை மட்டும் வைத்துத் தள்ளிப்போடாதீர்கள் என்றே சொல்கிறது. வாந்தி வந்தால் உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷனும் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பையும் தலைமாட்டில் தயாராக இருந்தால் போதும், தொடங்கிவிடுவேன்.

எனக்கு உண்மையில் பயம் வருவது எலும்பு 'டக்'கென்று உள்ளே போன பிறகுதான். எல்லோர் முகமும் மலரும். ஆர்த்தோ டாக்டர் கையுறையைக் கழற்றுவார், நர்ஸ் கட்டுத்துணி எடுக்கப் போவார். அதுவரை நோயாளியை உசுப்பிக்கொண்டிருந்தது அந்த வலிதான். வலி போய்விட்டது, மருந்து இன்னும் உடம்பில் இருக்கிறது. மூச்சு தளர்வது அப்போதுதான். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைக் காட்ட விரலில் மாட்டிய கருவி உடனே காட்டிக்கொடுக்காது. மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராபி அலைதான் முதலில் சொல்லும். அந்தக் கருவி இல்லாத இடத்தில் நெஞ்சு ஏறி இறங்குவதை விட்டுக் கண்ணை எடுக்கவே கூடாது.

அதனால்தான் மருந்து கொடுப்பவரே எலும்பையும் இழுப்பதற்கு நான் சம்மதிப்பதில்லை. ராத்திரி ஆள் குறைவு, உண்மைதான். கைகாலில் ரத்த ஓட்டம் நன்றாக இருந்தால் வலிக்கு ஊசி போட்டுவிட்டு இன்னொரு டாக்டரைக் கூப்பிட நேரம் இருக்கிறது. மூட்டு சேர்ந்ததும் எக்ஸ்ரேவுக்கு அவசரப்படுவார்கள். நோயாளி கூப்பிட்டால் பதில் சொல்லும்வரை டிராலி நகரக் கூடாது. நகர்த்தியே ஆக வேண்டுமென்றால், மருந்து கொடுத்தவரும் அம்பு பையோடு கூடவே போக வேண்டும்.