பஸ்கா முடிந்த இரவில் எதை முதலில் எடுத்து வைப்பது

நாகர்கோவிலிலிருந்து வந்து, இஸ்ரேலில் பெத்தா திக்வா என்ற ஊரில் ஒரு பாட்டியைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறேன். யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்வது எப்படி என்று எனக்குப் பத்துப் பேர் சொல்லித் தந்தார்கள். பண்டிகை முடிந்ததும் வீட்டை எப்படிப் பழையபடி கொண்டுவருவது என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு உதவும்.

இங்கே பண்டிகை ஏழு நாள். கோதுமை, பார்லி, ஓட்ஸ் வகையில் செய்த ரொட்டி, ரவை, சேமியா எதுவும் அந்த நாட்களில் புழங்காது. மட்சா என்ற புளிக்காத அப்பம் மட்டும்தான். பாட்டி போலந்து யூதக் குடும்பம், அவர்கள் வழக்கத்தில் அரிசி பருப்பும் சாப்பிடக் கூடாது. என் பெருங்காய டப்பாகூட ஒதுங்கிவிட்டது. கூட்டுப்பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கிறதே! அன்றாடப் பாத்திரங்களும் மிச்ச மளிகையும் அலமாரிக்குள் போய்விடும், கதவில் டேப் ஒட்டிவிடுவோம். அந்த வாரத்துக்கென்றே தனியாக பஸ்கா பாத்திரங்கள் உண்டு, அவற்றில் மாவுப் பண்டம் படவே கூடாது. அலமாரிக்குள் இருக்கும் மாவுப் பண்டங்களை ரப்பி (யூத மதகுரு) மூலமாக யூதர் அல்லாத ஒருவருக்கு எழுதி விற்றுவிடுகிறார்கள். உண்மையான விற்பனை அது. ரப்பி திரும்ப வாங்கும்வரை அவை பாட்டியுடையவை அல்ல.

என் முதல் பஸ்கா 2023 ஏப்ரல் 12, புதன்கிழமை இரவு முடிந்தது. நட்சத்திரம் தெரிந்ததும் பாட்டி திராட்சை ரசக் கோப்பையை வைத்து ஜெபம் சொன்னார். ரப்பி திரும்ப வாங்க ஒரு மணி நேரம் விட்டோம். அப்புறம் நான் அவசரப்பட்டேன். டேப்பைக் கிழித்து, வாணலியை எடுத்து, ஒரு வாரமாக ஏங்கியிருந்த ரவை உப்புமாவைக் கிளற ஆரம்பித்தேன். கழுவிய பஸ்கா பாத்திரங்கள் இன்னும் தொட்டியோரம் வடிந்துகொண்டிருந்தன. கைக்கு எட்டிய கரண்டி அதிலிருந்துதான் வந்தது.

பாட்டி வாசலில் நின்று பார்த்தார். திட்டவில்லை. “அது என் அம்மாவின் பஸ்கா கரண்டி” என்றார், அவ்வளவுதான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் அவர் மகன் ரப்பியிடம் கேட்டுச் சொன்னார். முழுக்க உலோகக் கரண்டி என்பதால் வழி இருந்தது. நன்றாகத் தேய்த்து, 24 மணி நேரம் எதற்கும் தொடாமல் வைத்து, பிறகு தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் முழுதாக முக்கி, குளிர்ந்த நீரில் அலசினோம். பீங்கானாக இருந்திருந்தால் அதற்கும் வழியில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி. கடைசி பஸ்கா ஸ்பூன் பெட்டிக்குள் போகும்வரை அலமாரி டேப்பில் கை வைக்கக் கூடாது. பசித்தால் முட்டையும் உருளைக்கிழங்கும் இருக்கவே இருக்கின்றன. காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் பஸ்கா சாமானைக் கழுவி, துடைத்து, ஈரம் போக விரித்து, எண்ணி வைத்தால் போதும், அவசரம் தானாகப் போய்விடும். பாலையும் இறைச்சியையும் கலக்கக் கூடாது என்பதால் பால் பாத்திரத்துக்கு ஒரு பெட்டி, இறைச்சிப் பாத்திரத்துக்கு ஒரு பெட்டி. எபிரேய எழுத்துக்குப் பக்கத்தில் நான் தமிழிலும் ‘பால்’, ‘கறி’ என்று எழுதிவிடுகிறேன், உள்ளே எத்தனை உருப்படி என்பதோடு. பிரித்த மசாலா, எண்ணெய் எல்லாம் அன்றாடத்துக்கு வந்துவிடும். அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்க முடியாது.

அப்புறம் மேடையில் ஒட்டிய அலுமினியத் தாளை உரிக்க வேண்டும். அடியில் பீட்ரூட் சாறு இறங்கி ரோஜா நிறத்தில் கறை பிடித்திருக்கும், எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்த்தால் போகும். பாத்திரம் தேய்த்த ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். மிச்ச மட்சாவை உடைத்து, நனைத்து, முட்டையோடு வதக்கினால் பாட்டிக்கு ஒரு வாரக் காலை உணவு.

கடைக்கு மறுநாள் போனால் போதும். பண்டிகையில் துணி போட்டு மூடியிருந்த ரொட்டி அடுக்குகளைத் திறந்திருப்பார்கள். பஸ்காவின்போது யூதர் கையில் விற்காமல் இருந்த மாவுப் பண்டத்தை பிறகும் சாப்பிடக் கூடாது என்பதால், கடைக்காரர் விற்றதற்கான சான்றிதழ் இருக்கிறதா என்று பாட்டி கேட்கச் சொல்வார். கேட்டுவிட்டே வாங்குகிறேன்.

2024-இல் ஏப்ரல் 29 இரவு நிதானமாக முடித்தேன். ‘கறி’ பெட்டியைப் பரணில் ஏற்றும்போது மணி பத்தைத் தாண்டியிருந்தது. பக்கத்து வீடு மொராக்கோ யூதர்கள். அன்று அவர்களுக்கு மிமூனா, பஸ்கா முடிந்ததைக் கொண்டாடும் இரவு, கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். எண்ணெய்க் கையால் மாவை மெல்லிசாக இழுத்துச் சுட்ட முஃப்லெத்தா, வெண்ணெயும் தேனும் தடவி ஒரு தட்டு வந்தது. நம் வீச்சு பரோட்டாவேதான்! பாட்டி ஏணிப்படி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் துண்டைப் பிய்த்து என் கையில் கொடுத்துவிட்டு, “கரண்டி உள்ளே இருக்கிறதா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்புறம்தான் அவர் சாப்பிட்டார்.