தெரியாமல் இருந்த நேரம்

மர்மப் படத்துக்கு விமர்சனம் எழுதுகிறவருக்கு ஒரு சிக்கல் உண்டு. படம் பார்த்து முடித்ததும் விடை தெரிந்துவிடுகிறது. ஆனால் எழுதுவதோ விடை தெரியாதவருக்கு. பத்திரிகையில் சினிமாப் பக்கம் எழுதிய காலத்தில், இருட்டில் குறிப்பெடுக்கும்போது கதையை எழுதாமல், அந்தந்த நேரத்தில் யாரைச் சந்தேகிக்கிறேன், யாரை நம்புகிறேன் என்பதைக் கிறுக்கி வைப்பது வழக்கமாயிற்று. படம் முடிந்த பிறகு அந்தச் சந்தேகங்களை எவ்வளவு முயன்றாலும் திரும்ப வரவழைக்க முடியாது.

இதன் அருமையைப் புரியவைத்த படம் கிறிஸ்டோபர் நோலனின் 'மெமென்டோ'. 2000-ல் வெனிஸ் விழாவில் முதலில் திரையிடப்பட்டது. கை பியர்ஸ் நடித்த லெனர்ட், காப்பீட்டு நிறுவனத்தில் புலன் விசாரணை செய்தவன். தலையில் அடிபட்ட பிறகு அவனுக்குப் புதிதாக எதுவும் நினைவில் தங்குவதில்லை. போலராய்டு படங்களையும் துண்டுக் குறிப்புகளையும் உடம்பில் குத்திய பச்சையையும் நம்பி, மனைவியைக் கொன்றவனைத் தேடுகிறான்.

அவன் இழந்தது எது என்பதை விமர்சனத்தில் துல்லியமாகச் சொல்லியாக வேண்டும். பெயர், மனைவி, பார்த்த வேலை எல்லாம் அவனுக்கு ஞாபகம் இருக்கின்றன. நிஜத்திலும் இப்படி ஒருவர் வாழ்ந்தார். 1953-ல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அமெரிக்கர் ஹென்றி மொலைசன். கண்ணாடியில் பார்த்துக் கோடு வரையும் பயிற்சியில் அவர் நாளுக்கு நாள் தேறினார். ஆனால் அந்தப் பயிற்சியைச் செய்ததே அவருக்கு நினைவில்லை. படத்தில் சாமி ஜாங்கிஸ் என்பவரைச் சோதிக்கும் காட்சிகளின் அடிப்படையும் இதுதான்: நினைவு போனாலும் பழக்கம் படியுமா?

கொல்லப்படுவது யார் என்று முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். அதை எழுதுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. வண்ணக் காட்சிகள் பின்னோக்கிப் போகின்றன, கருப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கி வருகின்றன. ஒவ்வொரு வண்ணக் காட்சி தொடங்கும்போதும் இதற்கு முன் என்ன நடந்தது என்பது அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஓரிடத்தில் லெனர்ட் ஓடிக்கொண்டிருக்கிறான். எதிரே ஓடுகிறவனைத் துரத்துகிறோம் என்று நினைக்கிறான். அந்த ஆள் சுட்டதும்தான் லெனர்டுக்குப் புரிகிறது, துரத்தப்படுவது தான்தான் என்று. நானும் அவனைப் போலவேதான் நினைத்திருந்தேன். டோடி டோர்னின் படத்தொகுப்பு ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டதற்கு இந்த ஒரு கணமே போதும் என்பேன். ஆனால் கருப்பு வெள்ளையும் வண்ணமும் சந்திக்கும் இடத்தை விமர்சனத்தில் தொடவே கூடாது. இங்கும் தொடப்போவதில்லை.

2005-ல் ஏ.ஆர். முருகதாஸின் 'கஜினி' வந்தபோது, எங்கே பார்த்தாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்சி காட்சியாக ஒப்பிடும் பேச்சுதான். அந்த ஒப்பீடு எனக்கு உதவவில்லை. 'கஜினி'யில் டைரி வழியாக நமக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. சஞ்சய் ராமசாமிக்குப் பதினைந்து நிமிடம் போனால் எதுவும் தங்காது. அவனைவிட நமக்கு அதிகம் தெரியும் என்பதால்தான் கல்பனாவின் காதல் அத்தனை வலிக்கிறது. லெனர்ட் விஷயத்தில் இது தலைகீழ். அவனுக்காக அழுவதற்கு முன் அவனை நம்பலாமா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒன்றுக்கு எழுதும் விமர்சனம் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

'மெமென்டோ'வின் காட்சிகளைக் கால வரிசைப்படி பார்க்கும் வசதி பிறகு ஒரு டிவிடி பதிப்பில் வந்தது. அப்படிப் பார்த்தால் மர்மம் போய்விடுகிறது; மற்றவர்கள் அவனிடம் நடந்துகொள்ளும் விதம் பளிச்சென்று தெரிகிறது. மோட்டல்காரர் ஒரே ஆளுக்கு இரண்டு அறை வாடகைக்கு விடுகிறார். அதை அவனிடமே ஒப்புக்கொள்ளவும் செய்கிறார், எப்படியும் மறந்துவிடுவான் என்ற தைரியத்தில். முதல் தடவை நான் சிரித்த இடம் அது. புதிதாக எழுத வருகிறவர்களுக்குச் சொல்வேன்: முதல் விமர்சனத்தில் அந்தச் சிரிப்பைத்தான் எழுத வேண்டும். அதிலுள்ள கொடுமையை, எல்லோரும் பார்த்து முடித்த பிறகு தனிக் கட்டுரையாக எழுதிக்கொள்ளலாம்.