காற்று நிற்கட்டும்

மே 6
காற்று. மேல்தளத்துக்கு யாரும் போகவில்லை.

மே 7
இன்றும் காற்று. நாங்கள் தேடும் வாக்கிட்டா, ஓங்கிலுக்கு (டால்பினுக்கு) உறவான, இந்தக் கலிஃபோர்னியா வளைகுடாவில் மட்டுமே வாழும் சிறு கடற்பாலூட்டி. ஒன்றரை மீட்டர் நீளம்தான். மூச்சுவிட மேலே வந்தாலும் துள்ளாது, நீரைத் தெறிக்கவிடாது. கப்பல் ஓசை கேட்டால் விலகிப் போய்விடும். அலைத்தலையில் வெள்ளை நுரை கட்டத் தொடங்கிவிட்டால் அதைத் தேடுவது வீண். ஆகவே உட்கார்ந்திருக்கிறோம். இரவில் மெக்சிகோவின் மீனவர் ஊரான சான் ஃபெலிப்பேயின் விளக்குகள் தெரிகின்றன. அங்கே எங்களை விரும்பாதவர்கள் பலர் இருக்கிறார்கள்.

மே 9
கடல் அடங்கியது. நான்கு மணி நேரம் பெரிய தொலைநோக்கியில் நின்றேன். தாங்கியில் பொருத்திய, இருபத்தைந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவி. இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை மெல்லத் திருப்ப வேண்டும். பிறகு மறுபடி இடதுக்கு. கூழைக்கடா, கடற்சிங்கம், தூரத்தில் ஓங்கில்களின் பெரிய கூட்டம். ஓங்கில்களைக் கண்டதும் எல்லோரும் மகிழ்ந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவற்றின் மீது என்ன கோபம்? வெட்கமாக இருக்கிறது.

படுத்து, கண்ணை மூடிய பின்னும் தொடுவானக் கோடு நகர்ந்துகொண்டேயிருக்கிறது.

மே 10
2006இல் யாங்சி ஆற்றில் பைஜி ஓங்கிலைத் தேடிப் போனவர்களும் இப்படித்தான் நின்றிருப்பார்கள். இரண்டு கப்பல்கள், ஆறு வாரம். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கடைசி நாள் கடைசி முறைக்காவலில் நின்றவர், நேரம் முடிந்ததும் உடனே கீழே இறங்கினாரா, இன்னும் பத்து நிமிடம் என்று நின்றாரா?

நான் நின்றிருப்பேன்.

மே 12
சோனார் திரையில் ஒரு நிழல் விழுந்தது. கொக்கியிட்டு இழுத்தால் செவுள்வலை. கைவிடப்பட்டுப் பல நாள் ஆகியிருக்கும். மேலே கொண்டுவர நான்கு மணி நேரம் பிடித்தது. உள்ளே என்ன இருந்தது என்று எழுதப் போவதில்லை. வாக்கிட்டா இல்லை. அது போதும்.

பெரியவர் கத்தியால் நைலானை அறுத்துக்கொண்டே பேசினார். நாற்பது ஆண்டு இதே கடலில் வலை வீசியவர். இப்போது எங்களோடு வலை எடுக்கிறார். கண்ணிக்குள் தன் முழுக் கையையும் விட்டுக் காட்டினார். "இது டொட்டோவாபாவுக்குப் போட்டது, மகளே. அந்த மீனும் வாக்கிட்டாவும் ஏறக்குறைய ஒரே பருமன். வலைக்கு இரண்டும் ஒன்றுதான்." மீன் வலைக்குள்ளும் மூச்சுவிடும். வாக்கிட்டா மூச்சுவிட மேலே வர வேண்டும்; வர முடியாமல் நீரிலேயே மூச்சடைத்துச் சாகும். அந்த மீனின் காற்றுப்பை சீனா வரை கடத்தப்படுகிறது என்பதற்காக.

பிறகு, நான் கேட்காமலே சொன்னார்: "இருபது வயதில் என் வலையிலும் ஒன்று வந்தது. தூக்கிக் கடலில் போட்டுவிட்டேன். அப்போது அது என்னவென்றே எனக்குத் தெரியாது." வேறெதுவும் சொல்லவில்லை. வலையை மட்டும் முன்னைவிட வேகமாக அறுத்தார்.

மே 13
மீன்பிடிக்கக் கூடாத தடைப்பகுதிக்கு வெளியே ஏழு படகுகள் நிற்கின்றன. ஒன்றில் பதினைந்து வயதுப் பையன். கையசைத்தேன். அவன் அசைக்கவில்லை.

2015இல் செவுள்வலைக்கு இரண்டாண்டுத் தடை போட்டபோது இழப்பீடு கொடுத்தார்கள். பிறகு தடை மட்டும் மிஞ்சியது, பணம் நின்றுபோனது. அந்தப் பையன் வீட்டில் அடுப்பு எரிய எதைப் பிடிக்க வேண்டும் என்று யாராவது அவனுக்குச் சொன்னார்களா? 2020 டிசம்பர் 31 அன்று இதே வளைகுடாவில் காவல் கப்பலும் மீனவர் படகும் மோதின; காயமடைந்த ஒரு மீனவர் சில நாளில் இறந்தார். அதை இந்தக் கப்பலில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நினைக்கிறேன். அவருடைய உயிரையும் சேர்த்து எண்ணாமல் இந்தக் கடலில் எந்தக் கணக்கும் நேராகாது.

மே 15
1997இல் 567 வாக்கிட்டாக்கள். 2016இல் ஏறத்தாழ 30. இப்போது ஏழெட்டு, அதிகம் போனால் பத்து. கணக்கு எடுப்பவர்கள் வாயில் இது இயல்பாக வருகிறது. எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

2017 நவம்பரில் பிடித்த பெண் வாக்கிட்டாவை மீண்டும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வலையில்லாத இடத்தில் வைத்துக் காப்பாற்றத்தான் பிடித்தார்கள். கடலில் கட்டிய தொட்டியில் விட்டதும் மிரண்டது. திறந்துவிட்டும் பயனில்லை, இதயம் நின்றுபோனது. மூன்று மணி நேரம் உயிர் மீட்கப் போராடினார்கள். அத்தோடு திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் செய்தது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதும் சரியில்லையே.

மே 16
தூங்கவில்லை.

மே 18
காலை 7.40. இடது பக்கம். இரண்டு கிலோமீட்டர் இருக்கும். கருத்த முதுகு, அதன் மேல் உடலுக்குப் பொருந்தாத உயரத்தில் ஒரு துடுப்பு. மூன்று நொடி. பிறகு வெறும் நீர்.

கத்தினேன். எல்லாக் கருவிகளும் அந்தப் பக்கம் திரும்பின. நாற்பது நிமிடம். ஒன்றும் எழவில்லை. பக்கத்தில் நின்றவள் என் முகத்தைப் பார்த்து, "நிச்சயமா?" என்று மட்டும் கேட்டாள்.

பதிவேட்டில் 'உறுதியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனா நகர மறுத்தது.

மே 19
பார்த்தேன். பார்த்தேனா? பதினொரு நாளாக எதை வேண்டி நின்றேனோ அதையேதான் கண்ணும் காட்டியிருக்கிறது. நீண்ட ஆசை ஓர் அலையின் மடிப்பைக்கூடத் துடுப்பாக்கிவிடும். இருக்கிற பத்தில் ஒன்றை நான் பொய்யாகச் சேர்த்தால், அது இல்லாத நாளிலும் இருப்பதாக நம்பி யாராவது காவலைத் தளர்த்துவார்கள். 'உறுதியில்லை' என்பதை அடிக்க மாட்டேன்.

ஆனால் அந்தத் துடுப்பு.

மே 20
காற்று.

மே 21
காற்று. 2022இல் வந்த மரபணு ஆய்வைத் திரும்பப் படித்தேன். நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேரும் உட்கலப்பால் இந்த இனம் அழிந்தே தீரும் என்பதில்லை. வலையில் மாட்டிச் சாவது முற்றிலும் நின்றால் மீண்டுவிடலாம் என்கிறது. நின்றால். தடைப்பகுதியில் கடற்படை இறக்கிய 193 கான்கிரீட் கட்டைகளின் கொக்கிகள் இப்போதும் அடியில் காத்திருக்கின்றன. வலை போட்டால் சிக்கும் என்ற பயமே அங்கே காவல்.

18ஆம் தேதி நான் கைநீட்டிய இடத்துக்கு அருகே நீருக்கடியில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி நங்கூரமிட்டிருக்கிறது. வாக்கிட்டாவின் 'கிளிக்' ஒலி மனிதக் காதுக்கு எட்டாத உச்சத்தில் இருப்பது. கருவிக்கு மட்டுமே கேட்கும். நமக்குத் திரையில் புள்ளிகளாக வரும். காற்று விட்டால் நாளை அதை மேலே எடுப்பார்கள். 18, காலை 7.40. பக்கத்தில் நின்றவளிடம் சொல்லி வைத்தேன். அவள் ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறாள்.

மே 22
ஐந்து மணிக்கே எழுந்துவிட்டேன். கடலில் ஒரு சுருக்கம் இல்லை. பெரியவர் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். அழைக்கிறார்கள்