காமன் கூத்து வீடியோ: தப்பு மேளச் சத்தத்தையும் படத்தையும் ஒட்ட வைத்த அனுபவம்

மாசியில் எங்கள் தோட்டத்துக் காமன் பொட்டலில் நடந்த கூத்தை மூன்று போன்களில் எடுத்திருந்தோம். ஒன்று என்னுடையது, ஒன்று தம்பியுடையது, மற்றது கொழும்பிலிருந்து லீவுக்கு வந்திருந்த பக்கத்து லயத்து அண்ணனுடையது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வீடியோவாகத் தருகிறேன் என்று கூத்து வாத்தியார் மாமாவிடம் சொல்லிவிட்டேன். இலவசமாகக் கிடைக்கும் கேடென்லைவ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

கிளிப்பை, அதாவது வீடியோத் துண்டை, இழுத்து டைம்லைனில் (துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) விடுவது ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். சிக்கல் அப்புறம்தான் வந்தது. தொடக்கத்தில் தப்பு அடிக்கும் கையும் சத்தமும் ஒத்துப்போயின, இருபது நிமிடம் தாண்டியதும் குச்சி ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். பார்த்தால் அரை விநாடி விலகல், அதாவது விநாடிக்கு 30 படம் ஓடும் வீடியோவில் 15 ஃபிரேம் (படம்). தப்பில் நாலைந்து ஃபிரேம் பிசகினாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

காரணம் போன் வீடியோ எடுக்கும் விதம். விநாடிக்கு 30 ஃபிரேம் என்று காட்டினாலும் இருட்டில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் வெளிச்சம் வாங்க வேண்டியிருப்பதால் பல போன்களில் அந்த எண்ணிக்கை இறங்கிவிடும், தீப்பந்தம் கிட்ட வந்தால் மறுபடி ஏறும். எடிட்டிங் மென்பொருள் எதிர்பார்ப்பதோ சீரான எண்ணிக்கையை. ராத்திரிக் கூத்துக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் மூன்று போன்களின் வீடியோக்களையும் போட்டு, 30 என்று தெரிவு செய்து, 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' (மாறாத ஃபிரேம் எண்ணிக்கை) வைத்து மாற்றினேன். தம்பியின் போன் 60இல் எடுத்திருந்தது, அதையும் 30க்கே கொண்டுவந்தேன். என் பழைய லேப்டாப்பில் ஒரு முழு ராத்திரி ஓடியது, நல்லவேளை கரண்ட் போகவில்லை.

பிறகு கேடென்லைவில் புது புராஜெக்ட். முதல் கிளிப்பைப் போட்டதும் அதற்கேற்றபடி புரொஃபைலை (புராஜெக்டின் படஅளவு, ஃபிரேம் எண்ணிக்கை அமைப்பை) மாற்றவா என்று கேட்கும், பார்க்காமல் அமுக்கிவிடாதீர்கள், மொத்த டைம்லைனும் அந்த ஃபிரேம் எண்ணிக்கையில்தான் ஓடும்.

அண்ணனின் போனில் சத்தம் தெளிவாக இருந்தது. அதை மட்டும் தொடக்கம் முதல் முடிவுவரை வெட்டாமல் ஓர் ஆடியோ டிராக்கில் விரித்து, பூட்டு அடையாளத்தை அமுக்கிப் பூட்டிவிட்டேன். மற்ற இரண்டையும் அதனோடு பொருத்த, தப்பு சட்டென நின்று மறுபடி தொடங்கும் இடத்தைப் பிடித்தேன். அடி ஒரே மாதிரி வந்துகொண்டேயிருக்கும் இடத்தில் எந்த அடிக்கு எது என்று அலைவடிவத்தை (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோட்டை) பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று. இடையில் ஒரு காட்சியைச் சேர்க்க 'இன்செர்ட்' செய்தால் பின்னால் உள்ளவை தள்ளிப்போகும், பொருத்தி வைத்த படமெல்லாம் சத்தத்தை விட்டு விலகிவிடும். நான் அப்படி ஒரு மாலை வேலையை இழந்தேன். ஓடும் சத்தத்தின் மேல் படத்தை மாற்ற 'ஓவர்ரைட்' தான் சரி, அது இருக்கும் இடத்தின் மேலேயே உட்காரும், வேறு எதையும் அசைக்காது.

முடித்து மாமாவிடம் காட்டினேன். தப்பு பொருந்தியிருப்பதில் அவருக்குச் சந்தோஷம். காமனின் மனைவி ரதி புலம்பும் இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "அவ அழுவுறப்ப ஏன்பா கூட்டத்தக் காட்டுற? அவ மொகத்தயே வையி" என்றார். இன்றைக்கு ராத்திரி அந்த இடத்தில் கூட்டத்தைக் காட்டும் ஆறு கிளிப்பையும் எடுத்துவிட்டு, தம்பி முன்வரிசையிலிருந்து எடுத்ததை முழுதாக வைக்கப்போகிறேன்.