வவுச்சர் இல்லாத பற்று: காரைக்குடிப் பக்கம் வந்த புது வங்கி அதிகாரிகளுக்கு

16 ஜூன் 2025, திங்கள்

புது அதிகாரியின் சங்கடம் பெரும்பாலும் கணினியில் ஆரம்பிப்பதில்லை, மேசையில் ஆரம்பிக்கிறது. இருபத்தைந்து வருடம் கவுண்டரில் இருந்த எழுத்தர் ஒரு பதிவைப் போடுகிறார். அதை ‘பாஸ்’ பண்ண வேண்டியவர் போன மாதம் வேலைக்கு வந்த புரொபேஷனரி ஆபீசர். வங்கி வேலையின் அமைப்பே இப்படித்தான்: ஒருவர் உள்ளிட வேண்டும், வேறொருவர் அனுமதிக்க வேண்டும். அனுமதிப்பவருக்கு அனுபவம் அதிகம் என்று இதற்குப் பொருள் இல்லை. இரண்டாவது ஜோடிக் கண்கள் என்பது மட்டுமே பொருள்.

இது புரியாதபோதுதான் “எனக்கு எந்தத் தகுதியும் இல்லை, இவர்களுக்கு ஒருநாள் தெரிந்துவிடும்” என்ற எண்ணம் வருகிறது. அந்த வெட்கத்தில் பார்க்காமலே பாஸ் பண்ணிவிடுவதுதான் உண்மையான ஆபத்து. “சார், கூட்டம் நிக்குது” என்று குரல் வந்தாலும் ஐந்து விஷயம் பார்த்தாக வேண்டும்: தேதி, எண்ணிலும் எழுத்திலும் தொகை, கணக்கு எண், கையெழுத்து, இருப்பு. பழகிய கைக்குச் சில நொடிகள், புதுக் கைக்கு ஒரு நிமிடம். “அண்ணே, ஒரு நிமிஷம், கையெழுத்தப் பாத்துடுறேன்” என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கடவுச்சொல்லை இன்னொருவரிடம் கொடுத்து “நீங்களே பாஸ் பண்ணிக்கங்க” என்பது மட்டும் எந்நாளும் கூடாது. அது அடக்கம் இல்லை, பொறுப்பைக் கைகழுவுவது.

20 ஜூன், வெள்ளி

தகுதி இல்லை என்ற இந்த உணர்வுக்கு ‘இம்போஸ்டர் ஃபினாமினன்’ (தான் ஒரு போலி என்ற எண்ணம்) என்று பெயர் கொடுத்தவர்கள் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள். 1978-இல், சாதித்த பெண்கள் 150-க்கும் மேற்பட்டவர்களிடம் கண்டதை எழுதினார்கள். பட்டம், பதவி, பாராட்டு எல்லாம் இருந்தும், ஏதோ ஏமாற்றி உள்ளே வந்துவிட்டதாக அவர்கள் நம்பினார்கள். ஆண்களிடமும் இது உண்டு என்பது பின்னால் தெரிந்தது. இது நோய்ப் பட்டியலில் உள்ள நோய் அல்ல.

கிளான்ஸ் 1985-இல் ஓர் அளவுகோலைக் கொடுத்தார். 20 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 40 வரை என்றால் குறைவு, 41–60 நடுத்தரம், 61–80 அடிக்கடி, 80-க்கு மேல் தீவிரம். 2020-இல் 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த உணர்வு உள்ளவர்கள் 9 சதவீதம் என்று ஓர் ஆய்விலும் 82 சதவீதம் என்று இன்னொன்றிலும் இருந்தது. எந்த அளவுகோல், எங்கே கோடு கிழிப்பது என்பதைப் பொறுத்துக் கணக்கு அப்படி மாறுகிறது. ஆகவே மதிப்பெண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இதற்கென்றே ஒரு சிகிச்சையைச் சோதித்த ஆய்வு எதுவும் அந்தத் தொகுப்பில் கிடைக்கவில்லை. இங்கே எழுதுவது மருந்து அல்ல, வேலைமுறை.

30 ஜூன், திங்கள்

காலாண்டு முடிவு. இன்றைக்கு நீளமாக எழுத நேரமில்லை.

ஒன்று மட்டும். மாலையில் ரொக்கமோ பதிவோ ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்: 5,400-ஐ 4,500 என்று அடித்தால் வித்தியாசம் 900. அடுத்து, வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையில் ஒரு வவுச்சர் (பதிவுக்கு ஆதாரமான சீட்டு) இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பற்றில் போக வேண்டியது வரவில் போயிருக்கலாம். அதற்குப் பிறகு 100 தாள் கட்டுகளை மறுபடி எண்ணுங்கள். “நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை” என்பதை எதனால் வகுத்தாலும் வவுச்சர் கிடைக்காது.

4 ஜூலை, வெள்ளி

திங்களன்று வவுச்சர் பற்றிச் சொன்னதைக் கொஞ்சம் விரிக்கலாம். இந்த ஊருக்குக் கணக்கு புதிதல்ல. இந்தப் பக்கத்துச் செட்டியார்கள் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில் ஒரு பையன் பெட்டியடியில், அதாவது பணப்பெட்டி அருகே, உட்கார்ந்து தொடங்குவான், பிறகு அடுத்தாள் (உதவியாள்) ஆவான், அதற்குப் பின்தான் பொறுப்பு. கானாடுகாத்தானைச் சேர்ந்த மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். அந்தப் பழைய பழக்கத்தில் நமக்கு வேண்டியது ஒரே விதி: ஆதாரம் இல்லாமல் பேரேட்டில் ஏறாது.

தன் மேல் வரும் சந்தேகம் இந்த விதியை இரண்டு பக்கமும் மீறுகிறது. ஒரு தவறு நடந்தால் வவுச்சரே இல்லாமல் பெரிய தொகையைப் பற்றில் எழுதுகிறது. வேலை நன்றாக முடிந்தால் “அதிர்ஷ்டம்”, “மேனேஜர் நல்லவர்”, “சுலபமான கேஸ்” என்று சொல்லி வரவையே எழுதாமல் விடுகிறது. வருடக் கடைசியில் ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எப்படி நேராகும்?

செய்முறை: நாற்பது பக்க நோட்டு ஒன்று. நான்கு பத்தி: தேதி, செய்த வேலை, மனம் சொன்னது, ஆதாரம். வெள்ளிக்கிழமை கதவு அடைத்த பிறகு 20 நிமிடம் எழுதினால் போதும். வாடிக்கையாளர் பெயர், கணக்கு எண் எதுவும் அதில் வரக்கூடாது.

ஆதாரம் என்றால் மற்றவர் பார்த்துச் சரி என்று சொல்லக்கூடியது. “நன்றாகச் செய்தேன்” ஆதாரம் இல்லை. “பாஸ் பண்ணிய 140 பதிவில் திரும்பி வந்தவை 2, ஒன்று தேதி, ஒன்று கையெழுத்து” என்பது ஆதாரம்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் எதிரே ஓர் எழுத்து. ஆதாரம் இல்லை என்றால் ‘இ’. உண்மையிலேயே தெரியாத வேலை என்றால் ‘க’, அதாவது கற்க வேண்டும். நம் கையில் இல்லாதது என்றால் ‘வெ’, அதாவது வெளியே. இந்த மூன்றாவதைத்தான் புதியவர்கள் தவற விடுகிறார்கள். இருவர் மாற்றலாகிப் போய், மூன்று மேசையை ஒருவர் பார்த்துத் திணறினால் அது ஆள் பற்றாக்குறை. தகுதிப் பற்றாக்குறை என்று எழுதினால் கணக்கே தப்பு.

11 ஜூலை, வெள்ளி

நோட்டு எங்கே கெட்டுப்போகிறது?

இரவு பதினோரு மணிக்கு எழுதினால் கெட்டுப்போகிறது. அந்த நேரத்தில் எல்லாமே பற்றுதான். பாராட்டுகளை மட்டும் சேர்க்கும் ஆட்டோகிராஃப் புத்தகமாக மாறினாலும் கெடும், ஏனென்றால் மனம் அதை நம்பாது. எல்லாவற்றுக்கும் ‘வெ’ போட்டுத் தப்பிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்த நோட்டு வேண்டாம், வேறு ஏதாவது வேண்டும்.

‘க’ என்று விழுந்ததை வேலையாக உடைக்க வேண்டும். “கடன் பிரிவு தெரியாது” என்று எழுதினால் அதை யாராலும் கற்க முடியாது. “நகைக்கடன் புதுப்பிப்பில் வட்டிக் கணக்கு தெரியாது, புதன், சுற்றறிக்கையைப் படித்துவிட்டு மூன்று கேஸ் கூட இருந்து பார்ப்பது, நான்காவதைச் செய்வது” என்றால் முடியும்.

கேட்கும் முறையும் உண்டு. பதினைந்து நிமிடம் தானே தேட வேண்டும், அதற்கு மேல் முட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கேட்கும்போது மூன்று வரி: என்ன செய்யப் போனேன், எங்கே நின்றது, என் ஊகம் என்ன. “சார், ஒண்ணும் புரியல” என்றால் எதிரே இருப்பவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். “சார், இந்தக் கணக்குல வாரிசு நியமனம் இல்ல, இறப்புச் சான்று மட்டும் வந்திருக்கு, சட்டப்படியான வாரிசுச் சான்று கேக்கணும்னு நெனக்கிறேன், சரியா?” என்றால் பதில் அரை நிமிடம். அதே கேள்வியை இரண்டாம் தடவை கேட்க நேராமல் பதிலை நோட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

18 ஜூலை, வெள்ளி

நேற்று ஆடி பிறந்தது. இனிக் கூட்டம் கொஞ்சம் தணியலாம் என்கிறார்கள் பழைய ஆட்கள், பார்ப்போம்.

தகுதி இல்லை என்று நினைப்பவர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்: அளவுக்கு மீறித் தயாராகிறார், அல்லது கடைசி நிமிடம் வரை தள்ளிப்போடுகிறார். முன்னவர் வென்றால் “இவ்வளவு உழைத்ததால்தான்” என்பார், பின்னவர் வென்றால் “குருட்டு அதிர்ஷ்டம்” என்பார். இரண்டிலும் திறமைக்கு வரவு இல்லை, அடுத்த வேலைக்கு அதே பயம் திரும்ப வருகிறது. இதை உடைக்க நேரத்தை முன்பே தீர்மானிக்க வேண்டும். சிறு கடன் பரிசீலனைக் குறிப்பு ஒன்றுக்கு முதல் தடவை மூன்று மணி நேரம், மூன்றாம் தடவை ஒன்றரை மணி. முடிந்ததும் இரண்டு தடவை சரிபார்ப்பு: ஒன்று எண்களுக்கு, ஒன்று இணைப்புகளுக்கு. ஏழாவது தடவை பார்ப்பது கவனம் அல்ல. மேலே பார்க்க ஆள் இருக்கிறார்.

தவறு நடந்தால் அன்றே சொல்லிவிட வேண்டும். நாள் முடிவதற்குள் திருத்தும் பதிவு சின்ன வேலை. மறுநாள் விளக்கக் கடிதம், மறு மாதம் தணிக்கைக் குறிப்பு.

25 ஜூலை, வெள்ளி

கவுண்டரில் ஓர் ஆச்சி “பழைய ஆபீசர் எங்கப்பு?” என்று கேட்டால் அது உங்களைப் பற்றிய தீர்ப்பு அல்ல. தன் நகையை அறிந்த முகத்தைத் தேடுகிறார், அவ்வளவுதான். “அவர் மாறிப் போயிட்டாருங்க ஆச்சி. நகையை உங்க முன்னாடியே எடை போட்டுக் காட்டுறேன்” என்றால் போதும்.

ஜூன் 6-இல் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்குப் புது விதி வெளியிட்டது. நுகர்வுக் கடனில் 2.5 லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம், அதற்கு மேல் 5 லட்சம் வரை 80, அதற்கும் மேல் 75. 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வர வேண்டும் என்று கெடு வைத்தது. இதில் இருபது வருட அனுபவஸ்தருக்கும் நேற்று வந்தவருக்கும் ஒரே பாடம். ஓர் இரவு உட்கார்ந்து படித்தவரைத்தான் காலையில் எல்லோரும் வந்து கேட்பார்கள். ‘க’ போட்ட வேலைகளில் முதலில் இதைச் சேருங்கள்.

இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டாலோ, சாப்பாடு பிடிக்கவில்லை என்றாலோ, வாழ்வதில் பயனில்லை என்று தோன்றினாலோ நோட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி-மானஸ் 14416 எந்நேரமும் எடுக்கும், தமிழிலும் பேசலாம்.

2 ஆகஸ்ட், சனி

ஆகஸ்ட் 17 ஆவணி பிறக்கிறது. முகூர்த்தத்துக்கு நகை மீட்க வருவார்கள், பயமும் கூடவே வரும். வரிசையை இந்த இரண்டு வாரத்தில் கையில் ஏற்றிக்கொள்ளுங்கள்: அன்றைய தேதி வரை வட்டி, பணம் வரவு, கடன் கணக்கு முடிவு, அடமானச் சீட்டில் கையெழுத்து ஒப்பீடு, இரு சாவிக்காரரும் சேர்ந்து பெட்டகம் திறப்பு, பை எண். பையைப் பிரிக்கும்முன் முத்திரையை வந்தவரிடம் காட்ட வேண்டும். கழுத்துரு (செட்டிநாட்டுத் தாலி) போல உருப்படி மிகுந்த நகை என்றால் சத்தமாக எண்ண வேண்டும். மொத்த எடை, கல்லும் அரக்கும் கழித்த நிகர எடை இரண்டும் சீட்டோடு ஒத்திருக்க வேண்டும்: மொத்தம் 48.200 கிராம், கழிவு 3.700 என்றால் நிகரம் 44.500. பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து எல்லாவற்றுக்கும் கடைசியில்.