பழைய வீட்டில் ஹீட் பம்ப்: 70 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கு

நாங்கள் வசிப்பது நூறாண்டை நெருங்கும் செங்கல் வீடு. இன்றைய கட்டடங்களைப் போலச் சுவருக்குள் இடைவெளியோ வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் காப்புப் பொருளோ கிடையாது. ஒன்பது அங்குலக் கனத்துக்கு வெறும் செங்கல்தான். பரணில் எப்போதோ விரித்திருந்த கண்ணாடி இழைப் பஞ்சு நசுங்கி விரற்கடை உயரத்துக்குப் படிந்துவிட்டது. நீரைக் காய்ச்சி வீட்டைச் சூடாக்கிவந்த பழைய எரிவாயு பாய்லர் இரண்டாம் முறையாகப் பழுதானபோது, அதற்குப் பதிலாக ஹீட் பம்ப் வைக்கலாம் என்றேன். கேட்டவர்கள் எல்லாரும், இப்படி வெப்பம் ஒழுகும் வீட்டுக்கு அது சரிப்படாது என்றே சொன்னார்கள்.

அந்தப் பதிலை நான் அப்படியே ஏற்கவில்லை. ஹீட் பம்ப் எரிபொருளை எரித்து வெப்பத்தை உண்டாக்குவதில்லை; குளிர்ந்த வெளிக்காற்றிலும் இருக்கும் வெப்பத்தைக் குளிர்பதன வாயுவால் உறிஞ்சி, கம்ப்ரசரால் அழுத்தி, அதன் வெப்பநிலையை உயர்த்தி வீட்டுக்குள் சேர்க்கிறது. அதனால்தான் 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் வெப்பம் கிடைப்பது இயல்பாக இருக்கிறது. ஆனால் ரேடியேட்டருக்கு, அதாவது சுடுநீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்கும் இரும்புத் தகட்டுக்கு, போகும் நீரை எவ்வளவு சூடாக்கச் சொல்கிறோமோ, அவ்வளவுக்கு இந்தக் கணக்கு குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 முதல் 3 சதவீதம் வரை திறன் போய்விடும். ஆகவே வீடு பழையதா புதியதா என்று கேட்பதைவிட, கடுங்குளிர் நாளில் எத்தனை டிகிரி நீர் இந்த வீட்டுக்குப் போதும் என்று கேட்பதே பொருத்தமாக எனக்குப் பட்டது.

அதற்கு விடை காணப் பழைய பாய்லரே உதவியது. அதைத் தற்காலிகமாகச் சரிசெய்து, குளிர் உச்சத்தில் இருந்த இரண்டு வாரங்கள், வெளியேறும் நீரின் வெப்பநிலையை 70 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் குறைத்து, இரவு பகலாக நிறுத்தாமல் ஓடவிட்டேன். அறைக்கு ஒரு வெப்பமானியை வைத்துக் காலையிலும் இரவிலும் எழுதி வந்தேன். பெரும்பாலான அறைகள் 19, 20 டிகிரியில் நின்றன. அம்மா படுக்கும் வடக்கு அறை 16ஐத் தாண்டவில்லை, சமையலறை 17இல் நின்றது. ஹீட் பம்ப் வைக்க நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்தச் சோதனையைத்தான். செலவே இல்லாமல், எந்த அறை தயார், எந்த அறை தயாரில்லை என்பதை அது காட்டிவிடுகிறது.

முதலில் வந்த நிறுவனத்தார் வீட்டின் பரப்பளவை மட்டும் கேட்டுக்கொண்டு, 16 கிலோவாட் இயந்திரம் வேண்டும் என்றார்கள். அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிடாமல் இதைச் சொல்ல முடியாது என்று அவர்களை அனுப்பிவிட்டேன். தேவைக்கு மிஞ்சிய இயந்திரம் மிதமான நாட்களில் அடிக்கடி ஓடி நின்று, மின்சாரத்தையும் வீணாக்கும், கம்ப்ரசரின் ஆயுளையும் குறைக்கும். அடுத்து வந்தவர் ஒரு முழுநாள் செலவிட்டு ஒவ்வொரு சுவரையும் ஜன்னலையும் அளந்தார். வெளியே உறைநிலைக்கு 3 டிகிரி கீழே இருக்கும்போது வீட்டின் இழப்பு 11.5 கிலோவாட் என்று வந்தது. அதில் பாதி சுவர்கள் வழியாகப் போவது எனக்கு வியப்பில்லை. நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, வெறும் இடுக்குகள் வழியாகப் போகிறது என்பதுதான் உறைத்தது.

காற்று பலமாக வீசிய ஒரு மாலையில் ஊதுபத்தி ஒன்றை ஏற்றிக்கொண்டு, சுவரோரமாக முழந்தாளிட்டு வீடு முழுவதும் நகர்ந்தேன். நேராக எழும்பிக்கொண்டிருந்த புகை, மரத்தரையும் சுவரும் சேரும் இடத்தில் வெடுக்கென்று உள்பக்கமாகச் சாய்ந்தது. பரண் கதவின் விளிம்பில் மேல்நோக்கி உறிஞ்சப்பட்டு மறைந்தது. புகை சாய்ந்த இடத்திலெல்லாம் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, மறுநாள் அடைத்தோம். கழிவறை, சமையலறைக் காற்றுப்போக்கிகளை மட்டும் தொடவில்லை. அவற்றையும் மூடினால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பரணில் 27 சென்டிமீட்டர் கனத்துக்குப் புதிய காப்பு விரித்தோம். இந்த இரண்டு வேலைகளாலேயே இழப்பு 9.5 கிலோவாட்டுக்கு இறங்கியது. சுவர்களை இன்னும் தொடவே இல்லை.

அடுத்தது ரேடியேட்டர்கள். 70 டிகிரி நீரில் ஒரு ரேடியேட்டர் தரும் வெப்பத்தில் பாதிகூட 45 டிகிரி நீரில் கிடைக்காது. ஆகவே சோதனையில் பின்தங்கிய இரண்டு அறைகளிலும் கூடத்திலும், அதே அகலத்தில் இரட்டைத் தகடு கொண்டவற்றை மாட்டினோம். குழாய்கள் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை. ஹீட் பம்பில் போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 5 டிகிரி அளவே வேறுபாடு இருப்பதால், அதே வெப்பத்தைச் சுமக்க அதிக நீர் ஓட வேண்டும். எங்கள் வீட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 27 லிட்டர். மாடிக்குப் போன 10 மில்லிமீட்டர் குழாய்களால் அந்த ஓட்டத்தைத் தாங்க முடியாது என்று தெரிந்ததும், தரைப்பலகைகளைப் பெயர்த்து அவற்றை மாற்ற நேர்ந்தது. நான்கு நாள் தூசியில் கிடந்தோம். இதை முன்கூட்டியே பார்க்கச் சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

இயந்திரம் பொருத்தியது மூன்று நாள் வேலை. முதல் வாரத்தில் அம்மா ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது சுடவே இல்லையே, வேலை செய்யுதாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அறையின் வெப்பமானி 20 காட்டியது. ஆனால் பல்லாண்டாகக் கை சுடும் இரும்பையே கதகதப்பாக எண்ணிப் பழகியவருக்கு வெதுவெதுப்பான இரும்பு நம்பிக்கை தரவில்லை. உறைபனி விழுந்த ஒரு காலையில் வெளி இயந்திரத்திலிருந்து வெண்புகை எழுந்ததைக் கண்டு பதறிவிட்டார். சுருளில் படிந்த பனியை உருக்க இயந்திரம் சில நிமிடங்கள் திசைமாறி ஓடும்போது கிளம்பும் நீராவிதான் அது.

முதல் மாதத்தில் 1 யூனிட்டுக்கு 2.5 யூனிட் வெப்பமே கிடைத்தது. பார்த்தால், நிறுவியவர்கள் எல்லா நாளுக்கும் ஒரேயடியாக 55 டிகிரி என்று வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வெளிக்குளிருக்கு ஏற்ப நீரின் வெப்பநிலையைத் தானே மாற்றும் அமைப்பை இயக்கி, மூன்று நாளைக்கு ஒரு டிகிரியாகக் குறைத்து, ஏதேனும் ஓர் அறை குளிரும் வரை இறங்கி, அங்கிருந்து ஒரு படி ஏற்றினேன். இப்போது கடுங்குளிரில் 42, மிதமான நாளில் 32. இரவில் தெர்மோஸ்டாட்டைக் குறைப்பதையும் விட்டுவிட்டோம். குளிர்ந்துபோன செங்கல் சுவரை விடியற்காலையில் மீட்டெடுப்பதற்குள் இயந்திரம் திணறியது. குளிக்கும் நீரை 48 டிகிரியில் வைத்து, தொட்டியில் கிருமி வளராதிருக்க வாரம் ஒருமுறை மட்டும் 60க்கு ஏற்றுகிறோம். குளிர்காலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தபோது கணக்கு 3.3இல் முடிந்தது.

வடக்குச் சுவருக்கு உட்புறக் காப்பு இந்தக் கோடையில் செய்யவிருக்கிறோம். ஈரத்தை உள்ளே பூட்டிவிடும் பொருளை ஒட்டாமல், சுவர் உலர இடம் தரும் மர இழைப் பலகையும் சுண்ணாம்புப் பூச்சும் என்று முடிவாகியிருக்கிறது. அதற்கு முன் வெளிப்புறத்தில் ஒழுகும் மழைநீர்க் குழாயை மாற்றி, அந்தச் சுவர் முழுமையாகக் காய்வதற்குக் காத்திருக்கிறோம்.